சேறா, மேடா, பாறையா? மண்தடப் பந்தயங்கள்: வாசகர் கேள்வி பதில்

வயது 26. கிளாஸ் 2ஏ உரிமம் இருக்கிறது. நண்பர்களில் பாதிப்பேர் மோட்டோகிராஸ் என்கிறார்கள், மீதிப்பேர் எண்டியூரோ என்கிறார்கள். ஒருவர் மட்டும் ஹேர் ஸ்கிராம்பிள்தான் என்று அடம்பிடிக்கிறார். எல்லாம் மண்ணில்தானே ஓடுகிறது? எனக்கு எது சரிப்படும்?
— வாசகர், ஈசூன்

மண் ஒன்றுதான். ஓட்டுபவரிடம் ஒவ்வொன்றும் கேட்பது வேறு.

மோட்டோகிராஸ் மூடிய சுற்றுத் தடத்தில் நடப்பது. மேடும் தாவலும் வளைவும் மண்ணைக் குவித்துச் செய்தவை. வண்டிகள் ஒரே தடுப்புக்குப் பின்னால் தோளோடு தோள் நிற்கும். உலகப் போட்டியில் நாற்பது வண்டி வரை. அந்தத் தடுப்பு ஓட்டுநர் பக்கமாகச் சாயும். ஆகவே அவசரப்பட்டு முந்துகிறவரின் முன்சக்கரம் அதிலேயே மாட்டிக்கொள்ளும். உலகப் போட்டியில் ஒரு ஓட்டம் 30 நிமிடமும் அதற்கு மேல் இரண்டு சுற்றும். ஒரே நாளில் இப்படி இரண்டு ஓட்டம். உள்ளூர் ஆரம்பப் பிரிவுகளில் அது 10, 15 நிமிடமாகச் சுருங்கிவிடும். அந்த நேரம் முழுக்க இதயம் உச்சத்தை ஒட்டியே அடித்துக்கொண்டிருக்கும். முதல் வளைவில் பின்தங்கினால் மற்றவர் வாரியிறைக்கும் மண்ணைத் தின்றுகொண்டே போக வேண்டும்.

எண்டியூரோவில் எதிராளி கடிகாரம்தான். நிமிடத்துக்கு இரண்டு மூன்று பேராகப் புறப்பட விடுவார்கள். குறித்த நிமிடத்தில் சோதனை இடத்துக்கு வந்து சேர வேண்டும். தாமதமானால் நிமிடத்துக்கு 60 வினாடி தண்டம். முன்கூட்டியே வந்தாலும் அதே தண்டம். நடுவில் ‘ஸ்பெஷல் டெஸ்ட்’ எனப்படும் சில பகுதிகளில் மட்டும் முழு வேகத்தில் ஓட்டி நேரம் எடுப்பார்கள். வெற்றி தோல்வி பெரும்பாலும் அங்கேதான். ஆறு நாள் எண்டியூரோ 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய போட்டி. அதில் டயர் மாற்றுவது உட்பட வண்டி வேலையை ஓட்டுநரே தன் கையால் செய்ய வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. ‘மெக்கானிக் பார்த்துக்கொள்வார்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

ஹேர் ஸ்கிராம்பிள் இந்த இரண்டுக்கும் நடுவில். காட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் பல கிலோமீட்டர் நீளமான ஒரு சுற்று. எஞ்சினை அணைத்து வைத்து வரிசை வரிசையாகப் புறப்படுவார்கள். இரண்டு மணி நேரம் ஓடும். அமெரிக்காவின் பெரிய தொடர்களில் தொழில்முறைப் பிரிவுக்கு மூன்று மணி நேரம். நேரம் முடியும்போது யார் அதிகம் ஓட்டியிருக்கிறாரோ அவர் முதல். கணக்குப் பார்க்கத் தேவையில்லை, சோதனை இடத்தில் நேரம் குறிக்கும் அட்டையும் இல்லை.

யாருக்கு எது பிடிக்கும் என்பதில் ஓரளவு ஒழுங்கு தெரிகிறது. காற்பந்து, கார்ட்டிங் என்று நேருக்கு நேர் மோதி வளர்ந்தவர்கள் மோட்டோகிராஸில் ஒட்டிக்கொள்கிறார்கள். பக்கத்து வண்டி உரசினால் எரிச்சலாகிறவர்கள் எண்டியூரோவுக்குப் போகிறார்கள். முப்பத்தைந்து தாண்டியவர்கள் தாவல்களைக் குறைத்துக்கொண்டு ஹேர் ஸ்கிராம்பிள் பக்கம் நகர்வதையும் பார்க்கலாம். உயரத்திலிருந்து தட்டையாக இறங்கும் அதிர்ச்சி முழங்காலுக்கும் முதுகுக்கும் நல்லதல்ல.

சிங்கப்பூரிலிருந்து போகிறவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. விடியுமுன் எழுந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, ஜொகூர் போய், 15 நிமிட ஓட்டம் இரண்டு ஓட்டிவிட்டு, மாலை நெரிசலில் திரும்பி வருவது பலருக்குச் சில மாதங்களில் கசந்துவிடுகிறது. அதே அலைச்சலுக்கு ஹேர் ஸ்கிராம்பிளில் இரண்டு மணி நேரம் இருக்கையில் இருக்கலாம். ஆகவே எங்கள் பரிந்துரை இது: வண்டி வாங்க வேண்டாம், முதலில் வாடகைக்கு எடுங்கள். நின்று ஓட்டுவது, சக்கரங்கள் தோண்டிய பள்ளக் கோட்டில் வளைவது, பிரேக் பிடிக்கும் இடங்களில் உருவாகும் மேடுகளில் முன்சக்கரத்தை இலகுவாக வைப்பது ஆகியவற்றை ஒரு மோட்டோகிராஸ் தடத்தில் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஹேர் ஸ்கிராம்பிளின் ஆரம்பப் பிரிவில் பெயர் கொடுங்கள். மோட்டோகிராஸ் பிடிக்கும் ஆளாக இருந்தால் அந்தப் பயிற்சியின்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ட்ரயல்ஸ் வண்டியில் ஏன் இருக்கையே இல்லை?
— வாசகர், பிடோக்

உட்காரக் கூடாது என்பதால்!

முழுப் போட்டியும் நின்றபடிதான். பாறை, மரக்கட்டை, ஓடைக்கரை என்று குறித்த பகுதியைக் கால் ஊன்றாமல் கடந்தால் 0 புள்ளி. ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறையானாலும் 3. விழுந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ 5. புள்ளி குறைந்தவரே வெற்றியாளர். ஸ்பெயினின் டோனி போவ் 2007இல் தொடங்கி ஆண்டுதோறும் உலகப் பட்டத்தை யாருக்கும் விடாமல் வைத்திருந்த வரலாறு இந்தப் பிரிவில்தான்.

பழைய 250 ஃபோர்ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி ஒன்று வாங்கி ஜொகூரில் நண்பர் வீட்டில் வைத்திருக்கிறேன். என் எடை 62 கிலோ. செம்பனைத் தோட்டத்தில் நடக்கும் எண்டியூரோவில் ஓட்ட ஆசை. வண்டி கல்லாய்க் குதிக்கிறது, இருபது நிமிடத்தில் கை மரத்துவிடுகிறது. எதை மாற்றுவது, எதை விடுவது?
— வாசகர், செம்பவாங்

பணத்தை எடுக்கும் முன் அளவுகோலை எடுங்கள். இந்த வண்டிகளில் பலவும் 75 முதல் 85 கிலோ எடையுள்ளவரை மனத்தில் வைத்து, பெரிய தாவலிலிருந்து இறங்குவதற்காக ஸ்பிரிங் போட்டு வருபவை. 62 கிலோவுக்கு வேர்களும் கற்களும் கல்லாய்த்தான் தெரியும்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தை அந்தரத்தில் விடுங்கள். பின் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி குறித்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை எடுங்கள், 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டியைக் கீழே இறக்கி, ஒருமுறை அழுத்திவிட்டு, தன் எடையில் நிற்கும்போது அதே இரு புள்ளிகளை அளங்கள். 565 வந்தால் வித்தியாசம் 35. இது ஸ்டாட்டிக் சாக். பிறகு பூட்ஸ், ஹெல்மெட், நிரம்பிய தண்ணீர்ப் பை எல்லாம் அணிந்து ஃபுட்பெக்கில் நில்லுங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அளக்கட்டும். 497 வந்தால் வித்தியாசம் 103. இது ரேஸ் சாக். 250 வண்டிக்கு 100 முதல் 105 வரை சரியான அளவு. அது வரும்வரை பின் ஷாக்கின் (அதிர்வுதாங்கி) மேல் வளையத்தைத் திருகுங்கள்.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது அடுத்த படியைத்தான். ரேஸ் சாக்கை 103க்குக் கொண்டுவந்த பின் ஸ்டாட்டிக் சாக்கை மறுபடி அளங்கள். 30 முதல் 40க்குள் இருந்தால் ஸ்பிரிங் பொருத்தம். 45, 50 என்று தொங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம். நீங்கள் ஏறியதும் அமுங்க வேண்டுமென்பதற்காக வளையத்தை மிகவும் தளர்த்திவிட்டீர்கள், அதனால் ஆள் இல்லாமலே வண்டி தொங்குகிறது. மாறாக 20 வந்தால் ஸ்பிரிங் மெலிது. உங்கள் எடைக்கு முதல் நிலைமைதான் வரும் என்று எதிர்பார்க்கலாம். அப்படியானால் பின்னால் ஒன்றிரண்டு படி மெலிந்த ஸ்பிரிங், முன் ஃபோர்க்கிலும் ஒரு படி மெலிந்தது. இது தவிர்க்கக் கூடாத செலவு. அதற்குப் பிறகுதான் கிளிக்கர், அதாவது அதிர்வுதாங்கியின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு. வலப்பக்கமாக மென்மையாக முழுக்க மூடி எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பழைய அளவைவிட கம்ப்ரஷனை (அமுங்கும்போது உள்ள தடையை) நான்கு கிளிக் திறந்து ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

இரண்டாவது, கியர். மோட்டோகிராஸ் வண்டியின் கியர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, முதல் கியரே வேகமாக ஓடும். முன் பல்சக்கரத்தில் 13, பின்னதில் 50 பல் இருந்தால் பின்னால் 52 போடுங்கள், விகிதம் 3.85இலிருந்து 4.0 ஆகும். முன்னால் ஒரு பல் குறைத்து 12 போட்டால் பின்னால் நான்கு பல் கூட்டியதற்குச் சமம், செலவும் குறைவு. ஆனால் சின்னப் பல்சக்கரத்தில் செயின் இறுக்கமாக மடங்கிச் சுற்றுவதால் செயினும், அது உரசும் பிளாஸ்டிக் கட்டையும் சீக்கிரம் தேயும். பின்னால் பல் கூட்டினால் செயின் நீளம் போதுமா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது, டயர். உங்கள் வண்டியின் பின் ரிம் 19 அங்குலம், எண்டியூரோ வண்டிகளில் 18. சுவர் உயரமான 18 அங்குல டயர் கல்லில் மோதும்போது ட்யூபைக் கிள்ளாது. ரிம் மாற்றப் பணம் இல்லையென்றால் தடித்த ட்யூப் போட்டு 13 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்காதீர்கள். செம்பனைத் தோட்டத்தில் கல்லைவிட மோசமானது விழுந்து கிடக்கும் மட்டை. அதன் அடிப்பகுதி ஓரத்து முட்கள் காய்ந்த பிறகும் ட்யூபுக்குள் இறங்கும். காற்றுக்குப் பதிலாக மூஸ் என்ற நுரை வளையம் போட்டால் பஞ்சர் பயமே இல்லை. ஆனால் அதற்குரிய பசை தடவாமல் மாட்டினாலும், தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினாலும் சூடேறி உள்ளே பொடிப்பொடியாகும்.

கைக்காப்பு, எஞ்சின் அடித்தட்டு, ரேடியேட்டர் காப்பு: மூன்றும் வேண்டும். ரேடியேட்டரின் வழிகுழாயில் ஒரு சிறு பிடிகுப்பி பொருத்துங்கள். மெதுவாகச் செல்லும்போது காற்றோட்டமின்றிக் கொதித்து வெளியே கொட்டும் கூலன்ட் அதில் தேங்கி, ஆறியதும் திரும்பிப் போகும். டேங்க் ஏழெட்டு லிட்டர்தானே, பெட்ரோல் நிரப்பும் இடம் எங்கே என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சைலென்சர், விலையுயர்ந்த எக்ஸாஸ்ட் போன்றவற்றுக்கு இப்போது ஒரு வெள்ளியும் செலவழிக்க வேண்டாம். வண்டியில் சைடு ஸ்டாண்டும் இருக்காது. எண்டியூரோவுக்கு அது எவ்வளவு தேவை என்று முதல் சோதனை இடத்தில் செம்பனை மரத்தில் சாய்த்து வைக்கும்போது புரியும்.

ஒன்றரை மணி நேரத்தில் முன்னங்கை கல்லாகிவிடுகிறது, கடைசி அரைமணியில் காலில் தசைப்பிடிப்பு. தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். வேறு என்ன செய்ய?
— வாசகி, சுவா சூ காங்

இரண்டும் வெவ்வேறு கோளாறு.

முன்னங்கைத் தசையைச் சுற்றியிருக்கும் உறை விரிந்து கொடுக்காது. விடாமல் இறுக்கிப் பிடித்தால் தசை வீங்கும், உள்ளே வந்த இரத்தம் வெளியேறத் திணறும், விரல் பிரேக்கை உணராது. அழுத்தத்தைக் கையிலிருந்து முழங்காலுக்கு மாற்றுவதுதான் மருந்து: டேங்கை முழங்காலால் கவ்வி நின்று, கைப்பிடியைச் சாவி பிடிப்பதுபோல் லேசாகப் பிடியுங்கள். நின்று ஓட்டும்போது மணிக்கட்டு நேராக வரும் அளவுக்கு இரு லீவர்களையும் சற்றுத் தாழ்த்துங்கள். புறப்படுமுன் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். முதல் சுற்றைப் பதற்றமில்லாமல் ஓட்டுங்கள். கை பிடிப்பது பெரும்பாலும் முதல் சுற்றுப் பதற்றத்தில்தான் தொடங்குகிறது. மேலே செம்பவாங் வாசகருக்குச் சொன்ன ஸ்பிரிங் கணக்கையும் ஒருமுறை பாருங்கள்.

தசைப்பிடிப்புக்கு வருவோம். நம் வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்தால் வியர்வை காயாது, உடம்பும் குளிராது, உப்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடையின்றி எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் குடித்ததற்கு மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் வெளியேறியிருக்கிறது. மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை, உப்புக் கரைசல் கலந்து, இரண்டு மூன்று மிடறாக அடிக்கடி குடியுங்கள். தண்ணீர்ப் பைக் குழாயின் வாய்ப்பகுதியை ஹெல்மெட்டுக்குள் வாயருகே வருமாறு கட்டிவிடுங்கள். கைநீட்டி எடுக்க வேண்டியிருந்தால் போட்டி மும்முரத்தில் யாரும் எடுப்பதில்லை. தலைசுற்றல், வியர்வை நின்றுபோதல், குழப்பம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஓட்டத்தை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருப்பது ஆபத்து.

மழை பெய்தால் ஜொகூர்த் தடங்களில் வண்டி நகரவே மறுக்கிறது. சேற்றுக்கென்று தனி ஏற்பாடு உண்டா?
— வாசகர், பொங்கோல்

உண்டு. அந்தச் செம்மண் நனைந்தால் பிசைந்த களிபோல ஒட்டும். பத்துப் பதினைந்து கிலோ கூடுதல் எடையை வண்டி சுமக்கும். ஓட்டத்துக்கு முன்பே மட்கார்டின் அடிப்பக்கத்தில் சிலிகான் ஸ்பிரே அடித்துவிடுங்கள். அடித்தட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள பொந்தில் கடற்பஞ்சு போன்ற முரட்டு நுரையைத் திணித்தால் மண்ணுக்கு அங்கே இடம் இருக்காது. முன் பல்சக்கரத்தின் மூடி முழுதாக அடைத்த வகையாக இருந்தால் உள்ளே மண் இறுகிச் செயினைக் கழற்றிவிடும். திறந்த வகை மூடி நல்லது. மென்மண்ணுக்கான, கட்டைகள் தள்ளித் தள்ளி அமைந்த டயர் போடுங்கள். கட்டைகள் நெருங்கிய கடினத்தரை டயர் இரண்டே சுற்றில் வழவழப்பாகிவிடும். பன்னாட்டு எண்டியூரோ விதிகளில் பின்டயர்க் கட்டையின் உயரம் 13 மி.மீ.க்கு மிகக் கூடாது. உள்ளூர் போட்டியில் விதி என்ன என்று பார்த்து வாங்குங்கள். ஈரக் களிமண் பிரேக் பேடை ஒரே நாளில் தின்றுவிடும் என்பதால் புதிய சின்டர்ட் (உலோகத்தூளை அழுத்திச் செய்த) பேடு போட்டுக்கொண்டு போவது நல்லது.

ஏற்றத்தில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து உறுமவிடுவதுதான் பெருந்தவறு. பிளேட் கருகும், கூலன்ட் கொதிக்கும், சக்கரம் குழி தோண்டும். இரண்டாம் கியரில் கீழேயே வேகம் எடுத்து, மேலே போகப் போகத் திராட்டிலைக் குறையுங்கள். நின்றுவிட்டால் அதே இடத்தில் போராடாமல் வண்டியைத் திருப்பி இறக்கி மறுபடி வாருங்கள்.

வீடு திரும்பியதும் உயரழுத்தத் தண்ணீரைச் சக்கர அச்சு, லிங்கேஜ் (பின் ஷாக்கின் இணைப்பு), ஸ்டியரிங் பேரிங் பக்கம் காட்டாதீர்கள். ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் உடனே சீல் மாற்ற ஓட வேண்டாம். பெரும்பாலும் சீலின் உதட்டில் மண் சிக்கியிருக்கும். தூசுமூடியைக் கீழே தள்ளிவிட்டு, பழைய புகைப்பட ஃபிலிம் துண்டின் முனையில் சிறு கொக்கிபோல் வெட்டி, சீலுக்கும் தண்டுக்கும் நடுவே மெல்ல நுழைத்துச் சுற்றிலும் ஒருமுறை இழுங்கள். செந்நிற மண் கோடாக வெளியே வரும். துடைத்துவிட்டு ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்துங்கள். அதற்குப் பிறகும் கசிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள்.

பதினொரு வயது மகன் மோட்டோகிராஸ் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபத்து குறைந்தது எது?
— ஒரு தாய், தெம்பனிஸ்

ட்ரயல்ஸ். ஐயமே வேண்டாம். நடக்கும் வேகம், இலேசான வண்டி, பக்கத்தில் மோத யாரும் இல்லை. மின்சார ட்ரயல்ஸ் வண்டிகளும் பிள்ளைகள் அளவில் கிடைக்கின்றன. சமநிலையும் கிளட்ச் கட்டுப்பாடும் அங்கே கற்றால் பிற்பாடு எந்தப் பிரிவுக்குப் போனாலும் கைகொடுக்கும். பாறையும் செங்குத்து ஏற்றமும் நிறைந்த ஹார்ட் எண்டியூரோவில் பெயர்பெற்ற கிரஹாம் ஜார்விஸ் ட்ரயல்ஸிலிருந்து வந்தவர்தான்.

மோட்டோகிராஸ்தான் என்று அவன் பிடிவாதம் தொடர்ந்தால் 65 சிசி வண்டியில், வயதும் திறமையும் ஒத்த பிள்ளைகள் மட்டும் ஓட்டும் பயிற்சி நேரத்தில் விடுங்கள். இருக்கையில் அமர்ந்தால் இரு காலும் தரையில் பட வேண்டும். வளரும் பிள்ளைதானே என்று பூட்ஸையும் ஹெல்மெட்டையும் இரண்டு அளவு பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இதில் மட்டும் வேண்டாம். தளர்ந்த ஹெல்மெட் விழும்போது சுழன்றுவிடும், தளர்ந்த பூட்ஸில் கணுக்கால் திருகும். மஞ்சள் கொடி அசைந்தால் முந்தவும் தாவவும் கூடாது என்பதை வண்டியில் ஏற்றும் முன்பே மனப்பாடம் செய்ய வையுங்கள்.

ஹார்ட் எண்டியூரோ பார்ப்பதற்கே பயங்கரமாக இருக்கிறதே, அதை யார் விரும்பி ஓட்டுகிறார்கள்?
— வாசகர், ஹவ்காங்

முடிக்க முடியாது என்று தெரிந்தே கிளம்புகிறவர்கள். ஆஸ்திரியாவில் 1995 முதல் நடக்கும் எர்ஸ்பெர்க் ரோடியோவில் தகுதிச்சுற்றில் தேறும் 500 பேர் முதன்மை ஓட்டத்துக்குப் புறப்படுகிறார்கள். கால எல்லை நான்கு மணி நேரம். முடிப்பவர்கள் மிகச் சிலர். 2015இல் புதிதாகச் சேர்த்த ஒரு பகுதியைத் தனியாக ஏற முடியாமல் ஜானி வாக்கர், கிரஹாம் ஜார்விஸ், ஆண்ட்ரியாஸ் லெட்டன்பிக்லர், ஆல்ஃபிரடோ கோமெஸ் நால்வரும் ஒருவர் வண்டியை ஒருவர் இழுத்து ஏற்றினார்கள். நால்வருமே வெற்றியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். போட்டியாளர் வண்டிக்குக் கைகொடுக்கும் பந்தயம் வேறு எத்தனை இருக்கும்?

ஹார்ட் எண்டியூரோவில் பெரும்பாலோர் டூஸ்ட்ரோக்கைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்: எடை குறைவு, நின்றுபோனாலும் எளிதில் கிளம்பும். டூஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலக்கும் எண்ணெய் 60:1 என்றால் லிட்டருக்கு 17 மி.லி., 40:1 என்றால் 25 மி.லி. கையேடு சொல்லும் விகிதத்தை விட்டு நண்பர் சொல்லும் விகிதத்துக்குப் போகாதீர்கள்.

டக்கார் ராலியும் எண்டியூரோவின் நீட்சிதானா? நம்மவர் யாராவது ஓட்டியிருக்கிறார்களா?
— மாணவர், ஜூரோங்

உறவுதான், ஆனால் தனிக் குடித்தனம். எண்டியூரோவில் வழியை அம்புக்குறி காட்டும். டக்காரில் ரோட்புக் என்ற வழிக்குறிப்பேட்டின் குறிகளையும் திசைப் பாகையையும் தூரத்தையும் ஓட்டிக்கொண்டே படித்து வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். மிக வேகமானவர் வழிதவறி ஒரு மணி நேரத்தை இழப்பது அங்கே சாதாரணம். 1978 டிசம்பர் 26இல் பாரிஸிலிருந்து புறப்பட்ட போட்டி, 2009இல் தென்அமெரிக்காவுக்கும் 2020இல் சவூதி அரேபியாவுக்கும் மாறியது. 2011 முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு 450 சிசி வரம்பு.

பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் 2015இல் ஓட்டி 36ஆம் இடத்தில் முடித்தார். அதில் போட்டியிட்ட முதல் இந்தியர் அவர். கேரளத்தின் ஹரித் நோவா 2024இல் ஒட்டுமொத்தமாக 11ஆம் இடமும் முதன்மைப் பிரிவுக்கு அடுத்த நிலையான ராலி 2 பிரிவில் முதலிடமும் பெற்றார். அவர் ஓட்டிய அணி ஷெர்கோ டிவிஎஸ். டிவிஎஸ் என்றால் நம் ஓசூர்க்காரர்கள்!

சிங்கப்பூரிலேயே ஏதாவது காட்டுப்பாதையில் பழகலாமா?
— வாசகர், புக்கிட் பாஞ்சாங்

கூடாது. பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் மோட்டார் வாகனம் ஓட்டுவது சட்டவிரோதம். மலேசியாவிலும் தோட்டம் என்றால் ஒருவருக்குச் சொந்தமானது, அனுமதி பெற்ற ஏற்பாட்டாளரோடு மட்டும் போங்கள். இன்னொன்று: வழக்கமான பயணக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை பந்தயத்தில் ஏற்படும் காயத்துக்குப் பணம் தருவதில்லை. விதிவிலக்குப் பட்டியலில் ‘பந்தயம்’, ‘போட்டி’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.